இடது முன்சக்கரம்

அந்த ஐந்து வாரங்களில் நான் யார் மேல் கோபப்படவில்லை என்று யோசித்துப் பார்த்தால் ஒருவர்கூடத் தேறவில்லை. ரோடு போட்டவனைத் திட்டினேன். போட்ட ரோட்டைத் தோண்டியவனைத் திட்டினேன். அலைன்மென்ட் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். மெக்கானிக்கிடம் போனிலேயே கத்தினேன். எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும்விட அதிகமாக, என் மனைவியைத் திட்டினேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம். நான் இயற்பியல் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு மூத்த பிள்ளைகள் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான் என்று கேள்வி.

எங்கள் வீடு சிதறால் பக்கம், ரோட்டிலிருந்து செங்குத்தாக ஏறுகிற ஒரு மேட்டில் இருக்கிறது. பின்னால் கொஞ்சம் ரப்பர். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் நான், மனைவி, மனைவியின் அம்மா. மாமி என்று நான் கூப்பிடுகிற அந்த மாமியாருக்கு இரண்டு வருடங்களுக்கு முன் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் நாகர்கோவிலில் டயாலிசிஸ். காலை பதினொரு மணிக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பார். நேரத்துக்குப் போகாவிட்டால் படுக்கை அடுத்த நோயாளிக்குப் போய்விடும், அப்புறம் யாராவது வராமல் போகிற நாளுக்காகக் காத்துக் கிடக்கவேண்டும். காத்திருக்கும்போது கால் வீங்கும், மூச்சு முட்டும்.

இதற்காகவே என் மனைவி நாற்பத்து மூன்று வயதில் கார் ஓட்டப் படித்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அந்த இரண்டு நாளும் பணிநேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போவாள். லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவையிலேயே எட்டு போட்டுக் காட்டித் தேறினாள். நான் இரண்டாம் தடவைதான் தேறினேன். அதை வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், என் குணம் தெரியும்.

மாமியின் இடது கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, ரத்தக்குழாய்களை இணைத்து ஒரு சிறு ஆபரேஷன் செய்திருந்தார்கள். டயாலிசிஸ் ஊசி அங்கேதான் குத்துவார்கள். தொட்டுப் பார்த்தால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். அந்தக் கையில் அடி படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, யாரும் இறுக்கிப் பிடிக்கக்கூடாது. அந்த ஓட்டம் நின்றுவிட்டால் கழுத்தில் குழாய் இறக்கவேண்டும், அது பெரிய பாடு. அதனால் காரின் பின்சீட்டில் எப்போதும் ஒரு தலையணை கிடக்கும். மாமி அதன்மேல் கையை வைத்து, உறங்குகிற பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல் கூட்டிப்போவார்.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியது. சர்ச்சுக்கு நேரமாகிவிட்டது. வெள்ளை வேட்டியும் சட்டையுமாக நான் வெளியே வந்தால் காருக்கும் படிக்கும் நடுவே இரண்டு பக்கெட் நிறைய ரப்பர் பால். பால் வெட்ட வருகிறவர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பாலை வடிகட்டுகிற அரிப்பை எடுக்கப் பின்பக்கம் போயிருந்தார். காரின் பக்கத்தில் பக்கெட் வைக்காதே என்று அவரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நிழல் அங்கேதான் இருக்கிறது, வெயில் பட்டால் பால் சீக்கிரம் உறைந்துவிடும் என்று அவரும் நூறு தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு பக்கெட்டை ஓங்கி ஓர் உதை விட்டேன்.

பக்கெட் பறந்து காரின் இடது முன்பக்கத்தில் மோதிக் கவிழ்ந்தது. கதவெல்லாம் பால், என் வேட்டியெல்லாம் பால். ரப்பர் பால் பட்ட துணியை எந்தச் சோப்பும் வெளுக்காது, அது கறுத்துப்போய் அப்படியே நிற்கும். புது வேட்டி. எனக்குக் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுக் கதவைக் கழுவினேன், மண்ணெண்ணெய்த் துணியால் பெயின்டைத் துடைத்தேன். மனைவி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீல்லயும் கொட்டிக் கெடக்கு. உள்ளயும் கொஞ்சம் வெள்ளம் அடியுங்க" என்றாள்.

"வீலு என்ன சர்ச்சுக்கா வருது? போட்டி உள்ள!" என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு நாங்கள் மூவரும் சர்ச்சுக்குப் போகவில்லை.

ரப்பர் நாட்டில் பிறந்தவன் நான். பால் எவ்வளவு நேரத்தில் உறையும், எங்கே தேங்கினால் கட்டியாகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் வேட்டி ஒன்றுதான்.

திங்கட்கிழமை காரை வெளியே எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் அவர்கள் நாகர்கோவில் போனார்கள். சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்து பைக்கை நிறுத்தும்போதே மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, வண்டி இடது பக்கமா இழுக்குது. அறுபதுல போனா ஸ்டியரிங் கெடந்து வெறைக்குது, ஒரே ஆட்டம். கையே மரத்துப்போச்சு. தக்கலை பக்கம் ரோட்டுல ஒரு குழி வெட்டிப் போட்டுருக்காங்க, வெள்ளம் நிறைஞ்சு கெடந்ததுல தெரியல்ல, இடது வீலு அதுல எறங்கிற்று. ஆனா அதுக்கு முன்னாலயே…"

"குழியில எறக்கினியா?"

"எறங்கிற்று. ஆனா நான் சொல்லுகது…"

"எத்தன மட்டம் சொல்லியிருக்கேன், வெள்ளம் கெடந்தா பைய போணும்னு? கண்ணு எங்க இருந்துது?"

அதற்குமேல் அவளைப் பேசவிடவில்லை. இடது சக்கரம் குழியில் இறங்கியது, வண்டி இடது பக்கம் இழுக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? காரணமும் விளைவும் கைகோத்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கிறபோது நான் எதற்கு அவள் வாயைப் பார்க்கவேண்டும்? சாவியை வாங்கி என் சட்டைப்பையில் போட்டேன். வண்டி சரியாகிறவரை நீ தொடவேண்டாம் என்றேன். சரியானபிறகும் யோசிப்போம் என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது மாமி கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமிக்கு என்மேல் அளவுகடந்த மரியாதை. வயதான காலத்தில் மகள் வீட்டில் இருப்பது அவருக்கு ஒரு கூச்சம். நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து நிற்பார், எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார். அதனால் அன்றைக்கு அவர் தன் மகளைப் பார்த்து, "மருமவன் கஷ்டப்பட்டு வாங்கின வண்டி, நீ இப்பிடியா பண்ணுவ?" என்றார். எனக்கு அது இதமாக இருந்தது. இன்று அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அன்று இதமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் இருவரும் பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள். சிதறாலிலிருந்து மார்த்தாண்டம் ஒரு பஸ். அங்கிருந்து நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்டுக்கு ஒரு பஸ். வடசேரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. திரும்பி வரும்போதும் அதே. டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்கு நிற்கவே கால் தாங்காது. வாடகைக்கு வண்டி பிடித்துக்கொள் என்று நான் சொல்லவில்லையா என்றால், சொன்னேன். "குழியில இறக்காத டிரைவரா பாத்துப் பிடி" என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் எந்தப் பெண் பிடிப்பாள்? அவளும் வீம்புக்காரிதான். காலை எட்டு மணிக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு, தலையணையைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அந்த இறக்கத்தில் நடந்து இறங்கினாள்.

முதல் சனிக்கிழமை நான் காரை மார்த்தாண்டத்தில் ஒரு அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனேன். போகிற வழியெல்லாம் ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. வலது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டே போனேன், போகப்போகப் பல்லைக் கடித்தேன். கடைக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார்.

"வீட்டுக்காரி இடது வீலைக் குழியில இறக்கிட்டா. அலைன்மென்ட் போயிருக்கு. சரிபண்ணும்" என்றேன்.

அவர் வண்டியை ஏற்றி, நாலு சக்கரத்திலும் எதையோ மாட்டி, கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "சாரே, அலைன்மென்டுல பெருசா ஒண்ணும் இல்ல. எல்லாம் பச்சையிலதான் நிக்குது. வெறைக்குதுன்னா பேலன்சிங்காக்கும் பாக்கணும். நாலு வீலையும் கழத்தி மெஷின்ல போட்டுப் பாக்கட்டா?"

பச்சை காட்டுகிறது என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்கு அடி போடுகிறானே என்று எனக்குச் சுறுசுறுவென்று ஏறியது. "ஒண்ணும் இல்லாத வண்டியா இப்பிடி இழுக்குது? மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதா? நான் அலைன்மென்டுக்கு வந்தா நீ வீலைக் கழத்தணும்னு சொல்லுய. கழத்தினா டயர் மாத்தணும்பே, டயர் மாத்தினா காரையே மாத்தணும்பே!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் பாவம், கையைத் துடைத்துக்கொண்டு, "ஓ, சரி சாரே" என்று அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அந்தச் சக்கரத்தை அன்றைக்குக் கழற்றியிருந்தால் இந்தக் கதை முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்.

அடுத்து ஒரு மெக்கானிக். பெரிய ஒர்க்ஷாப், பெரிய மீசை. அவரிடமும் முதல் வாக்கியமாக அந்தக் குழியைத்தான் சொன்னேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்றெல்லாம், நானே கூட இருந்து பார்த்ததுபோல் விவரித்தேன். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே அங்கும் இங்கும் திருப்பினார், குனிந்து அடியில் டார்ச் அடித்தார், நிமிர்ந்தார்.

"அந்தக் குழியில ரேக்கு அடிபட்டுப்போச்சு சாரே. ஸ்டியரிங் ரேக்கை அப்பிடியே மாத்தணும். திருவனந்தபுரத்துல இருந்து வரணும்."

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. நான் நினைத்ததையே சொல்கிறவரைப் பிடிக்காமல் போகுமா? ரேக் வர இரண்டு வாரம் என்றார். மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. தினமும் பள்ளி இடைவேளையில் போன் செய்து கத்துவேன். நாளைக்கு வந்துரும் என்பார். கார் எங்கள் வீட்டுக் கூரையின் கீழ் சும்மா நின்றது.

செய்முறைத் தேர்வில் சில பிள்ளைகள் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற அளவுகளைப் பிறகு அட்டவணையில் நிரப்புவார்கள். அப்படிப்பட்ட நோட்டைக் கண்டால் எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுத் தூக்கி வீசியிருக்கிறேன். என்ன பார்த்தாயோ அதை எழுது, என்ன வரவேண்டும் என்று நினைத்தாயோ அதை எழுதாதே என்று இருபத்தாறு வருடமாகத் தொண்டை வற்றக் கத்திவருகிறேன். கத்துகிறவன் வீட்டில் நடந்த கதை இது.

ஐந்தாம் வாரம் வெள்ளிக்கிழமை, வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற கூட்டத்தில் யாரோ ஒருவருடைய இரும்புப் பெட்டி மாமியின் இடது கையில் இடித்துவிட்டது. ஊசி குத்துகிற இடத்துக்கு நேர்மேலே. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த இடம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி நீலம் பாய்ந்துவிட்டது. டாக்டர் காதில் குழாயை மாட்டி, கையில் வைத்து நெடுநேரம் கேட்டாராம். ஓட்டம் இருக்கிறது, ஆனால் குறைந்திருக்கிறது, இனி ஒரு அடி பட்டால் நான் பொறுப்பல்ல, அப்புறம் கழுத்துதான் என்றாராம். இதை மனைவி என்னிடம் சொன்னபோது அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுகாதார நிலையத்தில் நோயாளியின் விவரம் படிக்கிற குரலில் சொன்னாள்.

மாமி உள்ளிருந்து, "நீ அண்ணைக்குக் குழியைப் பாத்து ஓட்டியிருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா?" என்றார். மகள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள், தண்ணீர்ச் சத்தம் கூடியது.

அடுத்த செவ்வாய் நான் லீவு போட்டேன். "நானே ஓட்டுகேன். பைய போனா வண்டி சொன்ன பேச்சு கேக்கும். ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டினா எல்லாம் ஓடும்" என்றேன். மனைவி தலையணையைத் துணிப்பையிலிருந்து எடுத்துப் பின்சீட்டில் வைத்தாள். அம்மாவை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்சீட்டுக்கு வரவில்லை.

எங்கள் இறக்கத்திலேயே பிரேக்கைத் தொட்டதும் வண்டி இடது பக்கத்து மதிலைப் பார்த்துத் திரும்பியது. பிடித்துத் திருப்பினேன். மார்த்தாண்டம் தாண்டும்வரை நாற்பதில் போனேன், ஸ்டியரிங் லேசாகத் துடித்தது. அழகியமண்டபம் தாண்டிக் கொஞ்சம் ரோடு கிடைத்ததும், நேரமாகிறதே என்று அறுபதைத் தொட்டேன். அப்போது ஆரம்பித்தது. ஸ்டியரிங் மட்டுமல்ல, டேஷ்போர்டு, கண்ணாடி, என் பல் எல்லாம் சேர்ந்து ஆடியது. மாமியின் கை தலையணையில் குலுங்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன். மனைவி அந்தக் கைக்கு அடியில் தன் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக்கைத் திட்டினேன். திருவனந்தபுரத்தைத் திட்டினேன். தக்கலை வந்ததும் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடி வழியாக அந்தக் குழியைத் தேடினேன். அதைக் காணோம், எப்போதோ மூடித் தார் போட்டிருந்தார்கள். மூடியவர்களையும் திட்டினேன். வில்லுக்குறி பக்கம் வரும்போது வண்டிக்குள் ஒரு நாற்றம் வந்தது. இடது பக்கமிருந்து மெல்லிய புகை எழும்பியது. ஓரம் கட்டினேன். நிறுத்த மிதித்தபோது வண்டி இடது பக்க ஓடையை நோக்கிப் பாய்ந்து, ஒரு கை தூரத்தில் நின்றது.

நான் இறங்கி பானெட்டைத் திறந்தேன். அதற்குள் என்ன பார்ப்பது என்று தெரியாமல் அதையும் திட்டினேன். மணி பத்தேகால். மனைவி இறங்கி வந்தாள். வலது முன்சக்கரத்தின் பக்கம் குத்தவைத்து, புறங்கையை அதன் அருகே கொண்டுபோனாள், காய்ச்சல் பார்ப்பதுபோல். பிறகு பின்னால் வலது, பின்னால் இடது. கடைசியாக இடது முன்சக்கரத்துக்கு வந்து கையை நீட்டியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"மூணும் சும்மா இருக்கு. இதுக்கு மட்டும் அனலடிக்குது" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "இது பிரேக்கு மணம் மட்டும் இல்ல. ரப்பர் ஷீட்டு கரியுற மணம்."

ஐம்பதடி தள்ளி ஒரு பஞ்சர் கடை இருந்தது. மனைவி போய்க் கடைக்காரரைக் கூட்டிவந்தாள். அவரிடம் அவள் குழியைப் பற்றிச் சொல்லவில்லை. "இடது பக்கம் இழுக்குது, வேகத்துல வெறைக்குது, இந்த ஒரு வீலு மட்டும் சுடுது" என்று மூன்றே விஷயம் சொன்னாள். அவர் வேறு கேள்வியே கேட்காமல் ஜாக்கியை வைத்தார். மாமியை அவருடைய கடை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம்.

தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினார். அது முக்கி முனகி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. வலதைத் தூக்கினால் சும்மா சுற்றும், இது பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றார். கழற்றித் திருப்பிப் போட்டார். உட்பக்க ரிம்மில், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு முழ நீளத்துக்கு என்னவோ தடித்து ஒட்டியிருந்தது. கறுப்பாக, சேறுபோல. அவர் கத்தியால் ஒரு ஓரத்தை நெம்பிப் பிடித்து இழுத்தார். அது ரப்பராக நீண்டு, விட்டதும் சுருண்டுகொண்டது. வெட்டின இடம் உள்ளே வெள்ளையாக இருந்தது.

"சாரே, இது ரப்பர் பாலாக்கும்!" என்று சிரித்தார். "ஒரு சைடுல மட்டும் தேங்கி ஒறைஞ்சிருக்கு. இவ்வளவு பாரம் ஒரு சைடுல தொங்கினா வெறைக்காம என்ன செய்யும்? இஞ்ச பாருங்க, பிரேக்குலயும் உண்டு. பேடு திரும்பிப் போகாதபடி ஒட்டிப் பிடிச்சிருக்கு. அதாக்கும் இழுப்பு. இது எப்பிடி சாரே வீலுக்குள்ள வந்துது?"

எனக்கு அந்த நிமிடமே எல்லாம் தெரிந்துவிட்டது. ஞாயிறு உதைத்தது. செவ்வாய்வரை வண்டி அசையாமல் நின்றது. சக்கரத்துக்குள் போன பால் அடியில் தேங்கி, நின்ற இடத்திலேயே உறைந்தது. நான் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலியிலிருந்து மாமி கேட்டார். "அந்தக் குழியிலயா பிள்ளே ரப்பர் பாலு கெடந்துது?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் படியில் நின்று தண்ணீர் அடியுங்க என்று சொன்னவள் அவள்தானே. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐந்து வாரத்துக்கும் சேர்த்து என்னைக் கிழித்துத் தொங்கவிடலாம். அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கும் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது என்றால் நம்புவீர்களா? அவள் கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். மாமி கேட்ட கேள்வி அப்படியே நின்றது. ஆமாம் மாமி, குழியிலதான் என்று சொல்லிவிட்டுக்கூடப் போயிருக்கலாம், மாமி நம்பியிருப்பார். நான் சொன்னால் எதையும் நம்புவார்.

"குழி இல்ல மாமி" என்றேன். "நான் உதைச்ச பக்கெட்டு. அந்த ஞாயித்துக்கிழம, சர்ச்சுக்குப் போகாத அண்ணைக்கு. வீலைக் கழுவச் சொன்னா. நான்தான் கழுவல்ல."

மாமி நீலம் பாய்ந்த கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"அப்போ இந்த அஞ்சு வாரமா பஸ்ஸுல இவளுக்கு நான் குடுத்த ஏச்சு?" என்றார்.

பஸ்ஸிலும் ஏசினார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு கையால் அம்மாவையும் மறுகையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தில், போக வர, வாரத்துக்கு இரண்டு நாள், நான் செய்ததற்கு அவள் ஏச்சு வாங்கியிருக்கிறாள். என்மேல் எனக்கு வந்த கோபம் மற்ற கோபங்களைப் போல் இல்லை. அதற்குக் கத்த ஓர் ஆள் இல்லை, உதைக்க ஒரு பக்கெட் இல்லை.

கடைக்காரர் ரிம்மைச் சுரண்டி, சூடு ஆறும்வரை காத்திருந்து பிரேக்கை நெம்பிச் சுத்தம்செய்து மாட்டினார். பேடு கருகியிருக்கிறது, இன்றைக்கு மெதுவாகப் போங்கள், நாளைக்கே மாற்றுங்கள் என்றார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் நாலைந்து சுற்றுச் சுற்றிக்கொண்டே இருந்தது. மணி பத்து நாற்பது.

நான் சாவியோடு டிரைவர் கதவைத் திறந்தேன். பின்னால் மாமியின் குரல் கேட்டது.

"ஏட்டி, சாவிய வாங்கு."

என்னிடம் சொல்லவில்லை, மகளிடம்தான் சொன்னார். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மனைவி கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். பின்சீட்டில் மாமிக்கு இடது பக்கம் உட்கார்ந்து, தலையணையை நகராமல் பிடித்துக்கொண்டேன்.

பார்வதிபுரத்துக்கு முன்னால் கொஞ்சம் நேர் ரோடு. மனைவி ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் லேசாக எடுத்து, ஒரு நொடி அந்தரத்தில் வைத்திருந்தாள். வண்டி போட்ட கோடுபோல் நேராகப் போயிற்று. மறுபடி பிடித்துக்கொண்டாள். அவளுடைய முகம் எனக்குக் கண்ணாடியில் பாதிதான் தெரிந்தது.

"அண்ணைக்கு ஒண்ணு சொல்ல வந்தியே" என்றேன். "'அதுக்கு முன்னாலயே'ன்னு. என்னது அது?"

முன்னால் ஒரு பஸ் நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நிறுத்தி, அது கிளம்பும்வரை பொறுத்து, கியரை மாற்றினாள்.

"குழியில எறங்குயதுக்கு முன்னாலயே, நம்ம வீட்டு எறக்கத்துலயே இழுத்துதுன்னு சொல்ல வந்தேன். அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "அம்மா, கை நோவுதா?" என்று கேட்டாள்.